எல்லைக்கல்லும் பொருளியலாரின் அளவுகோலும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கேரளத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 94 பேர். தமிழ்நாட்டில் 80 பேர். இந்த இரண்டு எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டு இரு மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு வந்து இறங்குகிறவர், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் உலகம், அந்தப் பக்கம் வேறோர் உலகம் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவார். எல்லைக்கு வடக்கே திருவனந்தபுரம் மாவட்டத்தில் எழுத்தறிவு 93.02 விழுக்காடு. தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்தில் 91.75. மாநிலச் சராசரிகளுக்கு நடுவே இருந்த 14 புள்ளி இடைவெளி, எல்லையை நெருங்கினால் ஒன்றேகால் புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது.

ஏன் சுருங்குகிறது? 1956 அக்டோபர் 31 வரை இரண்டு பக்கமும் ஒரே அரசு. 1949 வரை திருவிதாங்கூர் மன்னரின் பள்ளிக்கூடம், அவருடைய கச்சேரி, அவருடைய வரித்தீர்வை; பிறகு திருவிதாங்கூர்–கொச்சி அரசு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு பாறசாலையில், தம்பி வீடு களியக்காவிளையில் என்று இருந்த குடும்பங்கள் இரண்டு முதலமைச்சர்களின் குடிகளாயின. அதே செம்மண், அதே இரண்டு பருவமழை, அதே மரச்சீனி, அதே ரப்பர். கோடு மட்டும் புதிது.

பொருளியல் ஆய்வாளர்களுக்கு இதைவிட வாய்ப்பான இடம் அமைவது அரிது. கடந்த முப்பது ஆண்டுகளில் அவர்கள் துறையில் மிகுந்த மதிப்பைப் பெற்ற முறையே இதுதான்: வரலாறு தற்செயலாகக் கிழித்த ஒரு கோட்டைக் கண்டுபிடி, கோட்டின் இரு பக்கமும் மற்றெல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார், இருந்தால், இன்று தெரியும் வேறுபாட்டைக் கோட்டின் கணக்கில் எழுது. இதற்கு இயற்கைச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மருந்தாய்வில் நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரிப்பார்களே, அந்த வேலையை இங்கே அரசியல் செய்து கொடுத்துவிட்டது என்பது இதன் அடிப்படை நம்பிக்கை.

இந்த முறைக்குப் புகழ் தேடித்தந்த ஆய்வும் ஓர் எல்லையில் நடந்ததே. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளைக் கணக்கெடுத்தார்கள். கூலி ஏறினால் வேலை குறையும் என்ற பாடப்புத்தக வாக்கியம் அங்கே நிற்கவில்லை. கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் அந்த உத்தி பொருளாதார வரலாற்றுக்குள்ளும் புகுந்து வேரூன்றிவிட்டது. பெருவின் சுரங்கங்களுக்குக் கட்டாய வேலையாள் அனுப்பிய ஊர்கள், அனுப்பாத ஊர்கள். ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாவட்டங்கள், சமஸ்தான மாவட்டங்கள். ஜமீன்தாரி நிலம், ரயத்துவாரி நிலம். எங்கெல்லாம் வரைபடத்தில் ஒரு கோடு தென்பட்டதோ அங்கெல்லாம் ஓர் ஆய்வுக் கட்டுரை முளைத்தது.

இந்தப் பெருக்கத்தைக் கண்டு முகம் சுளிப்பது எளிது. அதற்கு முன், முறையின் நல்ல பக்கத்தைப் பார்க்க ஒரு தென்னிந்திய ஆய்வையே எடுத்துக்கொள்ளலாம்.

திமோதி பெஸ்லி, ஜெசிகா லெய்ட், ரோகிணி பாண்டே, விஜயேந்திர ராவ் நால்வரும் 2016இல் வெளியிட்ட கட்டுரை, குத்தகைச் சீர்திருத்தத்தின் நெடுங்கால விளைவை அளக்கிறது. நம்முடைய மாநில எல்லைகள்தான் அவர்களுடைய கருவி. 1956 மறுசீரமைப்பில் மொழியாலும் பழக்கவழக்கத்தாலும் ஒத்த ஊர்கள் சில வெவ்வேறு மாநிலங்களில் போய் விழுந்தன. பிறகு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நிலச்சட்டம் போட்டது. கேரளம் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையையே ஒழித்தது. குடிகிடப்புக்காரருக்கு, அதாவது பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை கொடுத்தது. தமிழ்நாடு குத்தகையை ஒழிக்கவில்லை. குத்தகைதாரரை வெளியேற்றுவதற்குக் கட்டுப்பாடும் வாரத்துக்கு வரம்பும் விதித்ததோடு நிறுத்திக்கொண்டது. கேரள–தமிழ்நாட்டு எல்லையில் அவர்கள் பார்த்தது பாலக்காடு–கோவைப் பகுதியை.

அவர்கள் கண்டது யாருடைய கட்சிக்கும் வசதியான முடிவு இல்லை. சீர்திருத்தம் தீவிரமாக நடந்த பக்கத்தில், முப்பது ஆண்டுகள் கழித்து, நில ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது. விவசாயக் கூலியும் கூடியிருந்தது. ஆனால் பலன் சாதிக்குச் சாதி வேறுபட்டது. நடுச்சாதிக் குத்தகைதாரர்கள் சொந்த உழவர்களாக மாறினார்கள்; ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள் நாட்கூலி வேலைக்குத் தள்ளப்படும் வாய்ப்பு அதிகமானது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் கைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சிய உடைமையாளர், வாங்க வசதி உள்ளவருக்கு விற்றுவிட்டார். காசு இல்லாதவருக்குக் குத்தகை என்ற சிறு வாசலும் அடைபட்டது. கேரளத்து நிலச்சீர்திருத்தம் தலித்துகளுக்கு 10 சென்ட் வீட்டடியைத் தந்து வயலைத் தரவில்லை என்று அங்குள்ள தலித் இயக்கங்கள் பல காலமாகச் சொல்லிவரும் குறைக்கு, மாநிலச் சராசரிகளை மட்டும் புரட்டியிருந்தால் இப்படி ஓர் அளவு சார்ந்த ஆதரவு கிடைத்திருக்காது. எல்லை முறையின் முதல் வலிமை இது. கேரளத்தையும் தமிழ்நாட்டையும் மொத்தமாக ஒப்பிட்டால் மழை, சாதி, கடல்வாணிபம், வளைகுடாப் பணம் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். எல்லையை ஒட்டி நின்று பார்த்தால் அவற்றில் பல கழிந்துபோகும்.

சரி, இதே முடிவைப் பாலக்காட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பாறசாலைக்கு வரலாமா? கூடாது. காரணம் 1865இல் இருக்கிறது. அந்த ஆண்டின் பண்டாரப்பாட்டப் பிரகடனத்தின் வழியாகத் திருவிதாங்கூர் அரசு, சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு உழுதுவந்தவர்களுக்கு அந்த நிலத்தின் முழு உரிமையைக் கொடுத்துவிட்டது. விற்கலாம், அடகு வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். பாலக்காடு இருந்த பிரிட்டிஷ் மலபாரில் நிலக்கிழார்களான ஜன்மிகளின் பிடி 20ஆம் நூற்றாண்டிலும் தளரவில்லை. தெற்கே திருவிதாங்கூரில் சிறு உடைமையாளர் கூட்டம் ஒன்று நூறு ஆண்டுக்கு முன்பே உருவாகிவிட்டது. டி.சி. வர்கீஸ் 1970இல் எழுதிய கேரள நில உறவுகள் பற்றிய நூல் இந்த வேறுபாட்டை விரிவாகப் பேசுகிறது. ஆகவே 1970இன் சட்டம் பாலக்காட்டில் கவிழ்த்துப்போட்ட அளவுக்கு நெய்யாற்றின்கரையில் கவிழ்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஓர் எல்லையில் கிடைத்த எண் அந்த எல்லைக்குரியது. ஆய்வாளர்கள் இதைக் கட்டுரையின் அடியில் ஒரு வரியில் ஒப்புக்கொள்வார்கள்; மேற்கோள் காட்டுகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், கோடு ஒழுகுவது.

காலை நேரத்தில் களியக்காவிளைப் பேருந்து நிலையத்தைச் சற்று நேரம் பார்த்தால் போதும். தென்பக்கத்திலிருந்து கொத்தனார்களும் கையாட்களும் வடக்கே போகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? ரிசர்வ் வங்கியின் கையேட்டில் 2022–23க்குக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாட்கூலி கேரளத்தில் 852 ரூபாய் 50 காசு. தமிழ்நாட்டில் 500 ரூபாய் 90 காசு. மாநிலச் சராசரியில் 350 ரூபாய் வித்தியாசம். ஆனால் பேருந்தில் ஏறிச் சில நிறுத்தங்கள் தாண்டினால் அந்தக் கூலி கிடைக்கும் என்றால், விளவங்கோட்டில் வீடு கட்டுகிறவர் 500 ரூபாய்க்கு யாரைக் கூப்பிடுவார்? எல்லையோரத்தில் தென்பக்கக் கூலி ஏறும், வடபக்கக் கூலி கொஞ்சம் இறங்கும். இரண்டு மாநிலக் கொள்கைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு எங்கே மிகக் குறைவாகத் தெரியுமோ, அங்கேதான் இந்த முறை அளவுகோலை வைக்கச் சொல்கிறது.

எதிர்த்திசையில் அரிசி போகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அட்டை வைத்திருப்பவர் பெரும்பாலோருக்கும் உண்டு. கேரளத்தில் அரிசிக்கு நல்ல விலை. இருசக்கர வண்டியில், ஆட்டோவில், பேருந்து இருக்கைக்கு அடியில், ரயிலில் மூட்டை மூட்டையாகக் கடத்தப்படும் அரிசியைப் பறிமுதல் செய்த செய்தி உள்ளூர் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்ததும் அமரவிளையிலும் மற்ற இடங்களிலும் இருந்த வணிகவரிச் சோதனைச்சாவடிகள் தம் வேலையை இழந்தன. கோடு அதற்குப் பிறகு இன்னும் மெலிந்தது. பாறசாலை வீட்டில் கொதிக்கும் உலையில் தமிழ்நாட்டு அரசின் மானியம் இருக்கிறது என்றால், அந்த வீட்டின் ஊட்டச்சத்தை எந்த மாநிலத்தின் கணக்கில் எழுதுவது?

கூலி விஷயத்தில் ஒழுகல் வேறுபாட்டைக் குறைத்துக் காட்டுகிறது. தலைகீழாக, பெரிதாக்கிக் காட்டும் ஒழுகலும் உண்டு. அதற்கு முந்திரித் தொழிலே சாட்சி. கொல்லத்தை மையமாகக் கொண்ட முந்திரி ஆலைகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்தார்கள். தொழிற்சங்கம் வலுத்தது, கேரள அரசு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது, ஆலைச் சட்டத்திலிருந்து தப்புவதற்காக வீடுகளிலும் கொட்டகைகளிலும் கொட்டை வறுத்து உடைக்கும் 'குடிவறுப்பு' என்ற ஏற்பாட்டையும் தடைசெய்தது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? மூட்டையைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்டினார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் முந்திரி ஆலைகள் பெருகியதற்கு அங்குள்ள முந்திரி மரங்களைவிட கொல்லத்தின் கூலி உத்தரவே பெரிய காரணம். கே.பி. கண்ணன் 1980களின் தொடக்கத்திலேயே இந்த இடப்பெயர்ச்சியை ஆராய்ந்திருக்கிறார். பிறகு அன்னா லிண்ட்பெர்க் முந்திரிப் பெண்களின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார்.

கார்டும் குரூகரும் செய்ததை இங்கே அப்படியே செய்து பார்ப்போம். கூலி உயர்த்திய பக்கம் கேரளம், உயர்த்தாத பக்கம் தமிழ்நாடு. வடக்கே ஓர் ஆலை மூடி நூறு பேர் வேலை இழந்தார்கள். அதே ஆலை தெற்கே திறந்து நூறு பேருக்கு வேலை கொடுத்தது. இரு பக்கத்தையும் கழித்துப் பார்க்கும் கணக்கு, கூலி உத்தரவால் இருநூறு வேலை போயிற்று என்று சொல்லும். ஒப்பீட்டுக்காக நிறுத்திவைத்த பக்கமே சோதனையால் மாறிவிட்டது. நியூ ஜெர்சியின் பர்கர் கடை பென்சில்வேனியாவுக்கு ஓடமுடியாது, தின்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். முந்திரிப் பருப்பைத் தின்கிறவர்களோ உலகம் முழுக்க இருக்கிறார்கள்; ஆலை எங்கே இருந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆக, எந்தப் பொருள், எந்த வேலை என்று தெரியாமல் எல்லை முறையைக் கையாள முடியாது. அந்தத் தெரிதல் புள்ளியியலிலிருந்து வருவதில்லை, தொழிலுக்குள் நுழைந்து பார்த்தால்தான் வரும்.

வடபக்கத்துக் காட்டாக்கடைக்குக் கிழக்கே நெய்யாறு அணை இன்னொரு பாடம். திருவிதாங்கூர்–கொச்சி காலத்தில் தொடங்கி, மாநிலம் பிரிந்த பிறகு முடிந்த திட்டம். வலதுகரைக் கால்வாய் நெய்யாற்றின்கரைப் பக்கம் போகிறது. இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி விளவங்கோட்டுக்குள் இறங்குகிறது, ஏனென்றால் திட்டம் போட்டபோது அங்கே எல்லையே இல்லை. பல ஆண்டுகள் தண்ணீர் வந்தது. 2004இல் கேரளம் நிறுத்தியது. நெய்யாறு கேரளத்துக்குள்ளேயே பிறந்து கடலில் சேருகிற ஆறு, தண்ணீருக்கு ஒப்பந்தமும் விலையும் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது.

இப்போது ஓர் ஆய்வாளர் வந்து கால்வாயின் இரு முனையிலும் நெல் பரப்பை அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தென்பக்கம் வயல் காய்ந்து ரப்பரும் வாழையும் ஆகியிருக்கும். தமிழ்நாட்டு வேளாண்மைக் கொள்கை தோற்றது என்று எழுதுவாரா? காய்ந்தது தமிழ்நாட்டுக் கொள்கையால் இல்லை, கேரளம் மதகை அடைத்ததால். இன்னும் சரியாகச் சொன்னால், கோடு இருப்பதனாலேயே. எந்த ஆட்சி நல்லது என்று அறிவதற்காகக் கோட்டைப் பயன்படுத்துகிறோம். கோடோ தானே ஒரு தனி விளைவை உண்டாக்குகிறது. ஆட்சியின் விளைவையும் எல்லையின் விளைவையும் பிரித்துப் பார்க்கும் வழி பெரும்பாலான கட்டுரைகளில் இல்லை.

கோடு எப்படி விழுந்தது என்பதையும் விட்டுவிட முடியாது. குலுக்கல் சீட்டைப் போல விழுந்ததாகக் கருதினால்தான் முறை செல்லும். இந்தக் கோட்டுக்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழ்ப் பகுதிகளின் இணைப்பைக் கேட்டுப் போராடியவர்கள்மீது பட்டம் தாணுபிள்ளை அரசின் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது நான்கு தாலுகாக்களை மட்டும் இல்லை. நெய்யாற்றின்கரையின் தென்பகுதி, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. மாநில மறுசீரமைப்புக்கான பசல் அலி ஆணையம் 1955 செப்டம்பரில் கொடுத்த அறிக்கை நான்கையும் செங்கோட்டையையும் கொடுத்தது. நெய்யாற்றின்கரையையும் மலைத் தாலுகாக்களையும் மறுத்தது. யாருடைய மொழி எது, எந்த ஊரில் எந்தக் கட்சி வென்றது, எங்கே போராட்டம் சூடு பிடித்தது என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் கோடு விழுந்தது. அரசியல் ஒழுங்கமைப்பு வலுவாக இருந்த ஊர்கள் ஒரு பக்கம் சேர்ந்தன என்றால், பின்னாளில் அந்த ஊர்கள் நல்ல பள்ளியும் சாலையும் பெற்றதற்கு மாநிலம் காரணமா, அந்த ஒழுங்கமைப்பு காரணமா?

இதைச் சோதிக்க வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. திருவிதாங்கூர் 1875இலேயே தன் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியது. பிறகு வந்த கணக்கெடுப்புகளில் தாலுகா வாரியாக எண்கள் இருக்கின்றன. 1956க்கு முன் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஒரே போக்கில் நகர்ந்தனவா என்று பார்த்துவிட்டுப் பின்னால் வரும் பிரிவை அளக்கலாம். பழைய பாணி வரலாற்றாசிரியருக்கு இப்படி ஒரு கட்டாயம் இருந்ததில்லை. 'ஆகவே', 'அதனால்' என்று இரண்டு சொல் போட்டு நூறு ஆண்டைக் கடந்துவிடுவார். அது நடக்காமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் மடக்கமாட்டார்கள். கேள்வியை அப்படிக் கேட்க வைத்ததே புதிய முறையின் தலையாய நன்மை.

ஆனால் அதே புதிய முறை, நூறு ஆண்டைக் கடப்பதில் பழைய ஆசிரியர்களையும் மிஞ்சிவிடுகிறது. கானாவின் பொருளாதார வரலாற்றை ஆராய்ந்த கேரத் ஆஸ்டின் இதை வரலாற்றைச் சுருட்டுதல் என்று குறைகூறினார். இந்த முனையில் ஒரு காரணம், அந்த முனையில் ஒரு விளைவு, நடுவில் இருநூறு ஆண்டு வெற்றிடம். தென்திருவிதாங்கூர் எழுத்தறிவையே எடுத்துக்கொள்வோம். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் மயிலாடிக்கு வந்தார். அடுத்த நாற்பது ஆண்டுகளில் அந்த மிஷன் நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை என்று வடக்கே பரவியது; பாறசாலையில் ஜான் ஆப்ஸ் பல ஆண்டுகள் ஊழியம் செய்தார். நெய்யூர் மருத்துவமனை அந்த மரபில் எழுந்தது. எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் பின்னாளில் அங்கேதான் அறுவை மருத்துவராக இருந்தார். ரொசெல்லா கால்வி, ஃபெடரிக்கோ மன்டோவனெல்லி இருவரும் 2018இல் எழுதிய ஆய்வு, காலனிய இந்தியாவின் புராட்டஸ்டண்ட் மருத்துவ மிஷன்களுக்கு அருகில் வாழ்கிறவர்களின் உடல்நிலை இன்றும் மேலாக இருப்பதாகக் காட்டுகிறது. கவனத்துக்குரிய ஆய்வு, நெய்யூர்க்காரர்கள் மறுக்கப்போவதும் இல்லை.

இருந்தாலும் ஊரூட்டம்பலத்தை அந்தச் சமன்பாட்டில் எங்கே வைப்பது? காட்டாக்கடைக்குப் பக்கத்து ஊர். புலையர் பெண்குழந்தை பஞ்சமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு தலித் தலைவர் அய்யங்காளி அங்கிருந்த பள்ளிக்குள் நுழைந்தார். மேல்சாதியார் பள்ளியையே கொளுத்தினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் களை முளைக்கும் என்று அய்யங்காளி தலைமையில் வயல்வேலையை நிறுத்தினார்கள். கூலிக்காக இல்லாமல் பள்ளிக்கூடத்துக்காக நடந்த விவசாயத் தொழிலாளர் வேலைநிறுத்தம் உலகில் எத்தனை இருக்கும்? சில கல் தொலைவில் அருவிப்புறத்தில் நாராயண குரு 1888இல் சிவலிங்கத்தை நிறுவினார். பாலராமபுரத்தில் மன்னர் காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சாலியர்களின் தறித்தெருக்கள். இவை எல்லாம் அன்றைய ஒரே தாலுகாவின் சில மணி நேர நடைதூரத்துக்குள். மிஷன் பங்களாவிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்ற ஒரே எண்ணை மட்டும் சமன்பாட்டில் போட்டால், அய்யங்காளியின் வேலைநிறுத்தம் சாதித்ததும் மிஷன் கணக்கில் வரவாகிவிடும். எண் பொய் சொல்லவில்லை. யாருடைய பேரில் எழுதுவது என்று அதற்குத் தெரியவில்லை.

தூரத்தை அளப்பதிலும் கோளாறு உண்டு. ஆய்வாளர்கள் வழக்கமாக நம்புவது மிஷன்கள் தாங்களே அச்சிட்ட உலக வரைபட ஏடுகளை. ரெமி ஜெட்வாப் குழுவினர் கானாவை எடுத்துக்கொண்டு பழைய பதிவுகளோடு ஒப்பிட்டபோது, மிஷன் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஏடுகளில் விடுபட்டிருந்தன. விடுபடாமல் இருந்தவை வசதியான, நோய் குறைந்த, சாலையோர ஊர்கள். அவை மிஷன் போனதால் வளர்ந்தனவா, வளரும் ஊராகப் பார்த்து மிஷன் போனதா? ஓலைக் கூரைக்குக் கீழே ஓர் உபதேசியார் நடத்திய சிறு பள்ளி எந்த ஏட்டிலும் ஏறியிருக்காது. தென்திருவிதாங்கூரில் எழுத்தைக் கொண்டுபோனதில் அந்த உபதேசியார்களுக்குப் பெரிய பங்கு.

மாறாத அலகு ஒன்று கிடைப்பதும் அரிது. காட்டாக்கடை 2014இல் நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு தாலுகாக்களிலிருந்து பிரிந்து தனித் தாலுகா ஆனது. தென்பக்கம் விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் பிரிந்தன. 1931இன் நெய்யாற்றின்கரை வேறு, இன்றைய நெய்யாற்றின்கரை வேறு. இதைத் தைத்துச் சரிசெய்யும் வேலை சலிப்பானது, கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு அளவுக்குக்கூட மரியாதை கிடைக்காதது. அதைச் சரியாகச் செய்யாததால் பெயர் பெற்ற ஆய்வுகளே தடுமாறியிருக்கின்றன. அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005இல் ஜமீன்தாரி மாவட்டங்கள் விடுதலைக்குப் பிறகும் வேளாண்மையில் பின்தங்கின என்று எழுதிய கட்டுரை வகுப்பறைகளில் இன்றும் பாடம். 2013இல் ஐவர்சன், பால்மர்-ஜோன்ஸ், குணால் சென் மூவரும் மத்திய மாகாணங்களின் நில உடைமை தவறாக வகைப்படுத்தப்பட்டதாகக் காட்டினார்கள். திருத்திப் போட்டால் அந்த முடிவு நிற்கவில்லை என்றார்கள். 2024இல் நோபல் பெற்ற அசெமொக்லு, ஜான்சன், ராபின்சன் மூவரின் புகழ்பெற்ற 2001 கட்டுரையும் தப்பவில்லை. குடியேறிய ஐரோப்பியரின் இறப்பு விகிதத்தை வைத்து எழுதியது அது. அதில் இருந்த 64 நாடுகளில் 36க்கு வேறு நாட்டு விகிதம் இரவல் வாங்கப்பட்டிருந்ததை டேவிட் ஆல்பூய் எடுத்துக்காட்டினார்.

மார்கன் கெல்லி 2019இல் வைத்த குற்றச்சாட்டு இன்னும் வேரைத் தொடுகிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் எப்போதும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். அதைக் கணக்கில் எடுக்காமல் ஆயிரம் ஊர்களை ஆயிரம் தனிச் சாட்சிகளாக எண்ணினால், கணினியே உருவாக்கிய பொருளற்ற இடவாரி எண்கள்கூட இன்றைய வருமானத்தை 'விளக்கிவிடும்'. இந்தத் துறையில் பாராட்டுப் பெற்ற பல முடிவுகள் அந்தப் பொருளற்ற எண்களைவிட மேலானவையாக இல்லை என்று அவர் செய்து காட்டினார். களியக்காவிளை முதல் கிழக்கு மலை வரை எல்லையில் நூறு ஊர் இருந்தாலும், 1956 என்ற நிகழ்ச்சி ஒன்றுதான்.

இவ்வளவு குறையும் சொன்ன பிறகு, திருவனந்தபுரம் உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் பழைய வழிக்கே திரும்பிவிடலாமா? கே.என். ராஜ் தலைமையில் அங்கே உருவாகி 1975இல் ஐ.நா. வெளியிட்ட அறிக்கைதான் பின்னாளில் 'கேரள மாதிரி' என்ற பேச்சுக்கு வித்திட்டது. அந்த மையத்தார் ஊர் ஊராகப் போய் நெல், கூலி, பள்ளி, ஊட்டச்சத்து என்று நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு கேரளம் என்ற முழு மாநிலத்தையே அலகாக எடுத்தது. கன்னியாகுமரியின் 91.75ஐ அதனால் விளக்க முடியாது. கேரள அரசின் கொள்கையே காரணம் என்றால், அந்த அரசின் கீழ் ஒருநாளும் இல்லாத விளவங்கோடு ஏன் கிட்டத்தட்ட அதே உயரத்தில் நிற்கிறது? இந்தக் கேள்வி எல்லைக்கு வந்தால்தான் எழும். எழுப்பிய பெருமை எல்லை முறைக்கு. விடை சொல்லும் தகுதி அதற்கு மட்டுமே என்று எண்ணுவதுதான் பிழை.

செய்யத் தகுந்த ஓர் ஆய்வு இந்த எல்லையிலேயே காத்திருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலுக்கு உரிய ஸ்ரீபண்டாரவகை நிலங்கள் 1956இல் இரண்டு மாநிலங்களுக்கும் பிரிந்து கிடந்தன. கன்னியாகுமரிப் பக்க நிலங்களை ரயத்துவாரியாக்கச் சென்னை அரசு 1964இல் தனிச் சட்டம் போட்டது. கேரளம் 1971இல்தான் போட்டது. ஒரே கோயில், ஒரே வகைக் குடியானவர், ஏழு ஆண்டு இடைவெளி. நிலம் பெயர்ந்து ஓடமுடியாது. முந்திரி ஆலைக் கதை இங்கே நடக்காது. முன்னே பட்டா வாங்கியவர் முன்னே ரப்பர் நட்டாரா, முன்னே பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினாரா என்று பார்க்கலாம்.

தேவையான பழைய ஏடுகள் மலையாளத்தில், பிந்தைய தென்பக்கப் பதிவுகள் தமிழில். செயற்கைக்கோள் படத்தில் இரவு விளக்கை எண்ணுகிறவருக்கு இவை எட்டா. காட்டாக்கடையில் கிறிஸ்தவக் கல்லூரி, மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி. இரண்டும் ஒரே மிஷன் மரபில் வந்து, கோட்டின் இரு பக்கமும் நிற்பவை. இரண்டு மொழியும் வீட்டிலேயே பேசி வளர்ந்த பிள்ளைகள் அந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏடுகளைப் படியெடுக்க இரண்டு ஆண்டுக்கான உதவித்தொகையை யாராவது கொடுத்தால், வேலையைத் தொடங்கிவிடலாம்.